தெருப் பேரே குத்தமா?

மாலைப் பேப்பரை எடுத்துக் குற்றச் செய்திகளின் முதல் வரியை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். ‘வியாசர்பாடியைச் சேர்ந்த பிரபல ரவுடி’, ‘புளியந்தோப்பு கும்பல்’, ‘கண்ணகி நகர் வாலிபர்கள்’. ஆளின் பெயர் பிறகுதான் வரும். தெருவின் பெயர் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அதே பக்கத்தில், ஏலச்சீட்டு நடத்திப் பல கோடிகளைச் சுருட்டியவன் ‘நிதி நிறுவன அதிபர்’ ஆக இருப்பான். அவனுக்கும் ஒரு தெரு இருக்கிறது, அண்ணா நகரோ அடையாறோ. ஆனால் ‘அடையாறு மோசடிக் கும்பல்’ என்றொரு தலைப்பை இந்த முப்பத்துச் சொச்ச வயதுக்குள் நான் பார்த்ததில்லை. அவன் செய்தால் அவன் செய்த குற்றம். நம்ம பையன் செய்தால் தெரு செய்த குற்றம், சேரி செய்த குற்றம்.

இது எழுதுகிறவரின் கைப்பிசகு அல்ல. இதற்கொரு தயாரிப்பு முறை இருக்கிறது. சென்னையின் குற்றச் செய்தி தெருவிலிருந்து பத்திரிகைக்குப் போவது குறைவு. வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலிருந்தும் காவல் நிலையங்களிலிருந்தும் குறிப்பாகப் போகிறது. முன்பு காகிதத்தில் போனது, இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. நிருபர் அதில் ‘சரமாரியாக’, ‘ஓட ஓட விரட்டி’ என்று நாலு சொல் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறார். பிடிபட்டவனின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. செத்தவனின் வீட்டுக்குப் போனால் அழுகையைப் படம் பிடிக்கத்தான் போகிறார்கள். ஒரு வழக்கில் காவல் துறை ஒரு தரப்பு. ஒரு தரப்பின் வாக்குமூலம் மட்டுமே ‘செய்தி’ என்ற பெயரில் ஊருக்கெல்லாம் விநியோகம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு தரப்பு சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நூறு ரூபாய் செக்கைக்கூடப் பாஸ் பண்ண முடியாது.

அடுத்தது மாவுக்கட்டுப் படம். கையிலும் காலிலும் கட்டோடு நம்ம பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே ‘தப்பியோட முயன்றபோது கீழே விழுந்து’ என்றோ ‘கழிவறையில் வழுக்கி விழுந்து’ என்றோ ஒரு வரி இருக்கும். அதே கழிவறையை எழுத்தர் உபயோகிக்கிறார், ஏட்டையா உபயோகிக்கிறார், ஆய்வாளர் உபயோகிக்கிறார். அவர்களில் ஒருத்தருக்கும் வழுக்குவதில்லை. இந்தப் பொய்யை எழுதுகிறவரும் நம்பவில்லை, படிக்கிறவரும் நம்பவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். டீக்கடையில் சிரிக்கிறார்கள், செல்போனில் படம் போட்டுச் சிரிக்கிறார்கள். ஒருவனின் எலும்பை அரசாங்கம் உடைத்தது என்ற செய்தி ஒரு நகரத்துக்கே நகைச்சுவையாகிவிட்டது என்றால், அந்த எலும்பு யாருடையது என்பது அந்த நகரத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் குடியிருப்பு காவல் நிலையக் கட்டுப்பாட்டில் இருந்த 25 வயது தலித் இளைஞர் ஒருவர் இறந்தார். மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். முதலில் வந்த கதை, கஞ்சாவும் கத்தியும் வைத்திருந்தார், வலிப்பு வந்து இறந்தார் என்பது. உடற்கூறாய்வில் காயங்கள் தெரிந்த பிறகுதான் அது கொலை வழக்காகி, காவலர்கள் கைதானார்கள். முதல் நாள் வலிப்பு என்று எழுதிய பேனாதான் பிறகு கொலை என்றும் எழுதியது. நடுவில் அந்தப் பேனா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எது குற்றச் செய்தி ஆகிறது என்பதையும் பாருங்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய அடுக்குமாடியில் விரலால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. 2021 ஆகஸ்டில் நாடே அதைப் பார்த்தது. ஐ.ஐ.டி.யை விட்டு ஆய்வு செய்தார்கள். பல நூறு குடும்பங்கள் தலைக்கு மேல் எப்போது என்ன விழும் என்று தெரியாமல் படுத்திருந்தன. அது ‘கட்டுமானக் குறைபாடு’ ஆனது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து சனங்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இவை ‘கசிவு’. கத்தி எடுத்தவன் ரவுடி, காற்றைக் கெடுத்தவன் கசிவு! மாவுக்கட்டோடு உட்கார்ந்த ஒரு ஒப்பந்தக்காரரின் படத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எந்த மனுசனையும் அப்படி உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் நம் வாதம். ஆனால் இந்த நகரம் எதைக் குற்றம் என்று எண்ணப் பழகியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் மேலே பேச முடியாது.

இந்தச் சொற்கள் பேப்பரோடு நின்றுபோனால்கூடப் பரவாயில்லை. அவை நடந்து வருகின்றன. நான் இருக்கும் தொழிலில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்றொரு வார்த்தை உண்டு. கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால் முகவரியைச் சரிபார்க்க ஆள் போகும். அந்த ஆள் எழுதி வருகிற தாளில் ஒரு கட்டம் இருக்கும். குடியிருப்பின் தன்மை, சுற்றுப்புறம், நெகட்டிவ் ஏரியாவா. வண்டி வாங்க அம்பதாயிரம் கேட்கிறவனின் சம்பளம் சரியாக இருக்கும், பழைய நகைக் கடனை ஒழுங்காகக் கட்டியிருப்பான், அந்த ஒரு கட்டத்தில் விழுந்த டிக்கினால் கோப்பு திரும்பிவிடும். எந்தச் சட்டம் இப்படிச் சொல்கிறது என்று கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள். பேப்பரில் படித்தது, சினிமாவில் பார்த்தது, ‘அந்தப் பக்கம் வசூலுக்குப் போக முடியாது சார்’ என்று யாரோ சொன்னது, இவ்வளவுதான் ஆதாரம்.

சென்னைக்குள்ளிருந்த குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டு போய் 2000ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர் என்று கொட்டினார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அறுத்துவிட்டு அனுப்பியவர்கள், அங்கே திருட்டு நடக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். அந்த முகவரியைச் சொன்னால் பக்கத்திலிருக்கிற கம்பெனிகளில் வேலை கிடைப்பதில்லை என்று கண்ணகி நகர்ப் பிள்ளைகள் இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் இந்திய அணியோடு தங்கம் வென்று வந்தாள். அப்போதும் பத்திரிகைகள் ஊர்ப் பேரைச் சேர்த்தே எழுதின. கெட்ட பேரை மாற்றிவிட்டாள் என்று பாராட்டினார்கள். கெட்ட பேரை வைத்தவர்கள் யார் என்பதை மட்டும் எழுதவில்லை. ஒரு ஊரின் மானத்தை மீட்க ஒரு சின்னப் பெண் கடல் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கி வர வேண்டியிருக்கிறது! மயிலாப்பூருக்கு இப்படியொரு கட்டாயம் வந்ததுண்டா?

இதற்கு வயசு நூறுக்கு மேல். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். ஒரு கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி. கைரேகை, இரவு ஆஜர், ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு சட்டம் போயிற்று. ஆனால் 1948லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1982இல் ‘குண்டர் சட்டம்’ என்று நாம் சொல்கிற சட்டம் வந்தது. விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். சாதியின் பேரைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். அந்த இடத்தில் ஏரியாவின் பேர் வந்து உட்கார்ந்துகொண்டது.

1921இல் பெரம்பூர் பின்னி ஆலையில், பக்கிங்காம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தத்தில், சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் மோதல் மூண்டு புளியந்தோப்பு பற்றி எரிந்தபோது ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகை என்ன எழுதியது? ஆதிதிராவிடர்களுக்கு அதிகாரிகள் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்கிற பாணியில் எழுதியது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியைவிட்டு 1923இல் வெளியேறியதற்குப் பின்னால் இந்தக் காயமும் இருக்கிறது. ஆக, புளியந்தோப்பு என்ற பேரை அச்சில் குற்றவாளியாக்கும் பழக்கம் நேற்று முளைத்தது அல்ல.

இவ்வளவும் நமக்குத் தெரிந்ததுதான். நம் மேடைகளிலும் நம் பத்திரிகைகளிலும் சொல்லிக்கொண்டிருப்பதுதான். நான் எழுத வந்தது இதற்கு அடுத்த கேள்வி. அது எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு கூட்டத்தில் வந்தது.

வடசென்னையில் ஒரு வாரியக் குடியிருப்பு, எது என்று வேண்டாம். இரண்டு பையன்களுக்குள் தகராறு, ஒருவனுக்குக் கழுத்தோரம் வெட்டு, பிழைத்துக்கொண்டான். மறுநாள் ராத்திரி போலீஸ் வந்து கண்ணில் பட்ட பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கடுத்த ஞாயிறு படிப்பகத்தில் கூட்டம் போட்டோம். புறக்காவல் நிலையமும் தெருவில் கேமராவும் கேட்டு மனு கொடுக்கலாமா வேண்டாமா என்பது பொருள்.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் எழுந்தார். “கேமரா வெக்கட்டும் சார். எவன் வெட்டுனான்னு தெரிஞ்சிடும். இல்லாங்காட்டி கைக்குக் கெடச்சவனையெல்லாம் தூக்கினு போவான். என் பையனும் அந்த பதினோரு பேர்ல ஒருத்தன்.”

பழவண்டி தள்ளுகிற தம்பி சொன்னான்: “கேமரா யார் கையில இருக்கும்ணா? ஆகஸ்ட் 15 வந்தா என்ன இட்டுனு போறாங்க, ஜனவரி 26 வந்தா இட்டுனு போறாங்க, எலக்‌ஷன் வந்தா கையெழுத்து போடச் சொல்றாங்க. நான் கேஸ்ல மாட்டி ஏழு வருசம் ஆவுது. என் போட்டோ மட்டும் அங்க செவுத்துல இருந்து எறங்கவே மாட்டுது.”

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் நன்றாகவே பேசினார். காவல் துறை என்பது ஆதிக்க சாதி அரசின் கைக்கருவி, அதைச் சேரிக்குள் நாமே அழைப்பது தற்கொலை என்றார். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு ஆயா எழுந்து நின்றது. “நீ சொல்றது சரிப்பா. என் பேத்தி ராத்திரி பத்து மணிக்கு கம்பெனி முடிச்சு பஸ் எறங்கி வருது. மூலையில கஞ்சா குடிச்சுட்டு நாலு பேர் நிக்கிறான். எல்லாம் நம்ம பசங்கதான், நான் பொறந்ததுல இருந்து பாக்குற பசங்க. உங் கைக்கருவி அவங்கிட்ட இருந்து எம் புள்ளைய காப்பாத்துமா? ஸ்டேசனுக்குப் போனா, ‘எந்த ஏரியா? அங்கியா? அப்ப இப்பிடித்தான் இருக்கும்’னு சொல்லி அனுப்புறான். நான் யார்கிட்ட போவுட்டும், சொல்லு.”

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நம் இயக்கப் பத்திரிகைகளிலும் பதில் இல்லை என்று நினைக்கிறேன். போலீஸ் வன்முறையைப் பற்றி நம்மிடம் கட்டுரைகள் உண்டு, கவிதைகள் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். போலீஸ் வராமல் போவதைப் பற்றி மிகக் குறைவு. நம்ம சனத்துக்குக் காவல் துறை இரண்டு விதமாக அநியாயம் செய்கிறது. கூப்பிடாதபோது வந்து அடிக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு கைகள். சேரி என்பது குற்றம் நடக்கிற இடம், ஆகவே அங்கே யாரையும் பிடிக்கலாம். சேரி என்பது குற்றம் நடக்கிற இடம், ஆகவே அங்கே நடப்பதற்கு வழக்கு எதற்கு? ஆயாவின் பேத்தியும் பழவண்டித் தம்பியும் எதிரெதிர் தரப்பு அல்ல. இரண்டு பேரும் ஒரே சுவரில் மோதிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே போலீஸ் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பது நம்மை முட்டுச்சந்துக்குத்தான் கொண்டுபோகும். யாருக்குக் கணக்குச் சொல்கிற போலீஸ் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

இதைச் சொல்லும்போது 2024 ஜூலையைப் பேசாமல் தாண்ட முடியாது. ஜூலை 5 அன்று மாலை பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர், வழக்கறிஞர் ஆம்ஸ்ட்ராங் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். எத்தனையோ பிள்ளைகளை வக்கீல் படிப்புக்கு அனுப்பிய மனுசர் என்று வடசென்னையில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவர் கொல்லப்பட்டிருக்கிறார் என்ற செய்திக்குப் பக்கத்திலேயே, அவர் மேல் எப்போதோ இருந்த வழக்குகளைப் பற்றிய பேச்சும் வந்து உட்கார்ந்தது. செத்தவரைக்கூட ஏரியாவின் கணக்கில் எழுதப் பார்த்தார்கள்.

மூன்றே நாளில் மாநகர ஆணையர் மாற்றப்பட்டார். வந்தவர், ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் பேசுவோம் என்கிற விதமாகப் பேட்டி கொடுத்தார். ஜூலை 14 அதிகாலையில், அந்தக் கொலை வழக்கில் கைதாகிக் காவலில் இருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பியோட முயன்றார், சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்பது சொல்லப்பட்ட கதை. செப்டம்பர் 18 அன்றும் 23 அன்றும், ஐந்து நாள் இடைவெளியில், சென்னையில் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எங்கள் தெருவில் பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ‘அண்ணனைக் கொன்னவனுக்குச் சரியான தண்டனை’ என்றார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கோபத்தின் முகத்துக்கு நேராகவே சில கேள்விகளைக் கேட்கிறேன். காவலில் இருந்த ஆளைக் கொன்றால், அவன் யாருக்காகச் செய்தான், யார் பணம் கொடுத்தது என்பதை இனி எந்தக் கோர்ட்டில் எந்த வாய் சொல்லும்? சாட்சி சொல்லியிருக்கக் கூடிய வாய் மூடப்பட்டதில் நமக்கு என்ன லாபம்? அதோடு, அந்த ‘அவர்களுக்குப் புரிகிற மொழி’ யாருடைய முதுகில் எழுதிப் பழகிய மொழி? என்கவுன்ட்டர் ஒவ்வொன்றையும் தனி வழக்காகப் பதிந்து, வேறு பிரிவு விசாரித்து, நீதிபதி விசாரணையும் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் 16 நெறிகளைச் சொல்லியிருக்கிறது. இன்று நமக்குப் பிடிக்காதவனுக்கு அந்த நெறி வேண்டாம் என்று நாம் சொன்னால், நாளைக்குப் பழவண்டித் தம்பியைக் கொண்டுபோகும்போது எந்த வாயால் அதைக் கேட்போம்? அம்பேத்கர் நமக்கு விட்டுப்போனது துப்பாக்கி அல்ல, சட்டத்தின் முன் சமம் என்ற ஒரு வரி. அந்த வரியை நாமே அழித்தால் நம்மிடம் மிஞ்சுவது மாவுக்கட்டுதான்.

சரி, கணக்கு யாரிடம் கேட்பது? 200 வார்டு கொண்ட மாநகராட்சியில், 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். வடசென்னைக்காரர். நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலியின் எல்லை எது? தெருவிளக்கு எரியவில்லை என்றால் மேயர் கேட்கலாம். சாக்கடை அடைத்தால் கவுன்சிலர் கேட்கலாம். பதினோரு பேரை எதற்கு ஏற்றினீர்கள் என்று ஆய்வாளரைக் கேட்க இவர்களில் யாருக்கும் சட்டத்தில் இடம் இல்லை. காவல் துறை மாநில அரசின் உள்துறைக்குக் கீழே. எந்தக் கட்சி வந்தாலும் முதலமைச்சர்கள் வழக்கமாகத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளும் துறை அது. ஓட்டுப் போடும் இடத்துக்கும் லத்தி வரும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் கவுன்சிலர் ஸ்டேசனில் போய் ‘சொல்லிப் பார்க்கிறார்’, சிபாரிசு செய்கிறார். உரிமை இருக்க வேண்டிய இடத்தில் சிபாரிசு இருந்தால் அங்கே பஞ்சாயத்தும் பணமும் வரும், கட்சிக்காரனும் வருவான். ‘ஏரியா தாதா’ முளைக்கிற மண் இதுதான்.

காவல் துறை மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. கேஷியர் தன் கல்லாவைத் தானே தணிக்கை செய்துகொள்வதற்கு எந்த வங்கியாவது சம்மதிக்குமா? எங்கள் கிளையில் சாயங்காலம் பத்து ரூபாய் குறைந்தால்கூடக் கணக்கு நேராகும் வரை வீட்டுக்குப் போக முடியாது. ஒரு காவல் நிலையத்தில் ஒரு உயிர் குறைந்தால் ஆறேழு வருசமானாலும் கணக்கு முடிவதில்லை.

இதற்கு இன்னொரு உதாரணம். சென்னையில் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்து 2013, 2014இல் அரசாணைகள் வந்தன. ‘நன்னடத்தைப் பிணை’ எழுதி வாங்குவதும் அவர்களே, மீறினாய் என்று சிறைக்கு அனுப்புவதும் அவர்களே. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. பிடிக்கிறவரே தீர்ப்பும் எழுதக் கூடாது என்ற பாலபாடத்தைச் சொல்லப் பத்து வருசம் ஆயிற்று. அதற்குள் அந்தக் கையெழுத்துகளால் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி நாம் கேட்க வேண்டியவை. பெரிய கோஷமாக வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி சொல்கிறேன்.

1. புகாருக்கு ரசீது. ஆயா போனாலும் அய்.டி. கம்பெனிக்காரர் போனாலும் மனு ரசீது, குற்றமென்றால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கையில். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. நம் புகாரை வாங்க மறுக்கிற அதிகாரி மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவு இருக்கிறது. கிராமத்துக்கு மட்டுமான சட்டமாக அதை நாமே சுருக்கிவிட்டோம். நகரத்துக்கும் அது உண்டு.

2. ரவுடிப் பட்டியலின் மறுபரிசீலனை. சரித்திரப் பதிவேடு என்பது காவல் துறையின் உள் ஆவணம், ஊருக்குக் காட்டுவதற்கு அல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலித், பழங்குடி, பிற்பட்ட இளைஞர்களின் பெயர்கள் இயந்திரத்தனமாக அதில் ஏறுவதைப் பார்க்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அப்புறம் எப்படி ‘ஏ பிளஸ் ரவுடி’ என்று பேப்பரில் வருகிறது? எத்தனை வருசம் வழக்கில்லாமல் இருந்தால் பேர் எடுபடும் என்பதை எழுதி ஒட்டட்டும்.

3. தெருவில் கேமரா வைக்கும் முன் ஸ்டேசனில் கேமரா. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி லாக்கப் உட்பட எல்லா இடத்திலும், ஒலியோடு, 18 மாதப் பதிவோடு. அதே வருசம் சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது, பதிவு மட்டும் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது.

4. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம். வார்டுகளில் கூட்டப்பட வேண்டிய பகுதி சபைகளில், குழாயும் குப்பையும் பேசுவது போல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து எத்தனை புகார், எத்தனை வழக்கு, எத்தனை பேரை ஏற்றினோம் என்று சொல்லட்டும்.

5. பத்திரிகைகளுக்கு ஒன்று. ஆள் பேரை எழுதுங்கள், தெருப் பேரைத் தலைப்பில் போடாதீர்கள். கைதானதை எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ விடுதலையானதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் நம்ம பிள்ளைகளாக இருக்கும் வரை எதிரிக்குச் செலவே இல்லை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் செத்துப்போனார். ‘ரூட்டு’ச் சண்டை. அந்த இரண்டு கல்லூரிகளும் நம் தலைமுறைகளுக்குப் படிப்பு கொடுத்த வாசல்கள். வாசலில் ரத்தம் சிந்தினால் வாசலையே மூடச் சொல்வதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். கஞ்சா விற்கிறவனை ‘நம்ம ஆளு’ என்று பேசாமல் விடுவது சாதி ஒழிப்பு ஆகாது. ஆயாவின் பேத்தியும் நம்ம ஆளுதான்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து காலணா அரையணா சேர்த்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டு வந்தார். மற்றவன் நம்மை எழுதுவதைத் திருத்திக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும் என்று தெரிந்து, தாங்களே எழுதினார்கள். நாம் இன்னும் சின்னதாகத் தொடங்கலாம். எங்கள் கூட்டம் மனு கொடுப்பதா வேண்டாமா என்று அன்று முடிவெடுக்கவில்லை. ஒரு நோட்டுப் போடுவது என்று மட்டும் முடிவானது. படிப்பகத்தில் இருக்கும், அந்தச் சட்டக் கல்லூரி மாணவர் பொறுப்பு. யார், எந்தத் தேதியில், என்ன புகாரோடு ஸ்டேசனுக்குப் போனார்கள், ரசீது எண் என்ன, ரசீது தராமல் அனுப்பினால் சொன்ன வார்த்தை என்ன. யாரை, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் ஏற்றினார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, எப்போது, எந்த உடம்போடு திரும்பினான். மறுநாள் எந்தப் பேப்பர் என்ன எழுதியது.

ஒவ்வொரு குடியிருப்பிலும், ஒவ்வொரு சேரியிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், ஒரு வருசத்தில் இந்த நகரத்தின் குற்றச் செய்தியை வேப்பேரியிலிருந்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. கேட்பதற்கும் காட்டுவதற்கும் நம் கையில் கணக்கு இருக்கும். ஆயாவின் புகாரை முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. அதற்கு நேரே, ரசீது எண் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு ஆயாவோடு ஸ்டேசனுக்குப் போகிறோம். முப்பது பேராவது போக வேண்டும்.